பள்ளிக்கூடம் கடலில் இருக்கிறது

குணசுந்தரி டீச்சர் தன் உத்தியோகத்தில் ஒரு மெமோவும் ஒரு விருதும் வாங்கியிருந்தார். இரண்டும் ஒரே குற்றத்துக்காக. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆள்தான்.

குற்றம் இதுதான்: வகுப்பறைக்குள் கைப்பேசியைக் கொண்டுவந்து பாடம் நடத்தியது.

எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கண்டெய்னர் லாரிகளுக்கும் கடலுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற கொஞ்சம் மணலில் ஒரு மீனவக் குப்பம் இருக்கிறது. அதன் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், ஒரே கூடம், ஒரே டீச்சர். அங்கே பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசும். புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படி என்றால் மட்டும் ஊமையாகிவிடும். பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த குணசுந்தரிக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் மனசு வெறுத்துப்போய், ஜோதிகா என்கிற பெண் நாலு வரி வாசித்ததைத் தன் கைப்பேசியில் பதிவு செய்து அவள் அப்பா தவசிமுத்துவுக்கு அனுப்பிவைத்தார். தவசிமுத்து அப்போது கடலில் இருந்தார். சிக்னல் எட்டுகிற தூரத்துக்குப் படகு வந்ததும் மகள் குரல் வந்து விழுந்திருக்கிறது. அதை அவர் தான் மட்டும் கேட்டிருக்கலாம். பக்கத்துப் படகுகளையும் கூப்பிட்டு நிறுத்தி, முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்கவைத்தார். மறுநாள் மற்ற அப்பாக்களுக்குப் பொறுக்குமா? எம்புள்ள எப்ப படிக்கும் என்று வரிசையில் வந்து நின்றார்கள். தீனாவின் பதிவு போனபோது அவன் திக்கிய திக்கலில் படகே சிரித்ததாம். அவன் அப்பா கரையேறியதும் வலையைக்கூட உதறாமல் மகனைப் புத்தகத்தோடு உட்காரவைத்தார். அடுத்த பொங்கலுக்குள் குப்பத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை.

இந்த முறைக்கு எந்தப் பாடநூலிலும் பெயர் கிடையாது. அதனால் அப்போது வட்டார அதிகாரியாக இருந்த சுப்புராயன் அதற்கு ஒரு பெயர் வைத்தார். ‘ஒழுங்கீனம்.’ வகுப்பறையில் கைப்பேசியை இயக்கி அமைதிக்குக் குந்தகம் விளைவித்தது ஏன் என்று மெமோ வந்தது. டீச்சர் பதில் எழுதினார். பதிலின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது ஏன் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது.

பிறகு நோய்க்காலம் வந்தது. பள்ளிகளை மூடினார்கள். கைப்பேசி இல்லாமல் கல்வியே இல்லை என்று மேலே யாருக்கோ ஞானம் பிறந்தது. ‘கைவிளக்கு இயக்ககம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு இணை இயக்குநராக உயர்ந்து உட்கார்ந்தவர் அதே சுப்புராயன். உட்கார்ந்த கையோடு குணசுந்தரிக்கு ‘கைப்பேசிக் கற்பித்தல் முன்னோடி’ விருது கொடுத்தார்.

“இந்த அம்மையாரின் கைப்பேசியை மாநிலத்திலேயே முதன்முதலில் கவனித்தவன் நான்” என்று மேடையில் மார்தட்டினார். அது பொய்யில்லை. மெமோ எண் உட்பட அதற்கு ஆதாரம் டீச்சரிடம் இருந்தது.

விருது வாங்கிய அன்றைக்கே டீச்சரின் கெட்ட காலம் தொடங்கியது. கைவிளக்கு என்கிற செயலி எல்லா ஆசிரியர்களின் கைப்பேசியிலும் ஏறியது. பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி. முன்னோடி என்பதால் டீச்சருக்கு முதல் வரிசை, அதாவது தூங்க முடியாத வரிசை. கோட்டு போட்ட ஒரு இளைஞர் வந்து பேசினார்.

“கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்துறது பழைய முறை. மாணவனைப் பார்த்து நடத்துறது இடைக்கால முறை. கைப்பேசியைப் பார்த்து நடத்துறதுதான் நவீன முறை.”

எல்லோரும் எழுந்து நின்று வலது கையில் கைப்பேசியை ஏந்தி உறுதிமொழி எடுத்தார்கள். சார்ஜ் தீர்ந்திருந்த ஒரு வாத்தியாரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பாடம் தொடங்குமுன் ஒரு படம், நடக்கும்போது ஒரு படம், முடிந்தபின் ஒரு படம் ஏற்ற வேண்டும். படம் ஏறுவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். அதைப் பற்றி இயக்ககத்துக்குக் கவலை இல்லை. ‘பாடம் நடத்தப்பட்டது’ என்று செயலியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் பாடம் நடத்தப்பட்டதாக ஆகிவிடும். அப்புறம் மகிழ்ச்சிக் குறியீடு. படத்தில் பிள்ளைகளின் பல் எவ்வளவு தெரிகிறது என்று செயலியே அளந்துகொள்ளும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுகிற வயசு. குப்பத்துப் பள்ளியில் துயரம் தலைவிரித்தாடுவதாக அறிக்கை வந்தது. விழுந்த பற்களுக்கு யார் பொறுப்பு என்று விளக்கம் கேட்டார்கள். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, இயற்கை என்று பதில் போட்டார். இயற்கையின் தொடர்பு எண்ணைத் தெரிவிக்கவும் என்று மறுபதில் வந்தது.

இதற்கு நடுவில் பிள்ளைகளின் குரல் கடலுக்குப் போவது நின்றுபோனது. வாசிக்கச் சொல்லி, பதிவு செய்து, அனுப்புவதற்கு டீச்சருக்கு நேரமே ஒழியவில்லை. ஒரு நாள் வாசலில் தவசிமுத்து வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், பாப்பா கொரலு இப்பல்லாம் வர்றதே இல்ல? படகுல அல்லாரும் கேட்டுகினு கீறாங்க.”

“அனுப்பறேண்ணா. இந்தப் படம் மட்டும் ஏறிடட்டும்” என்றார் டீச்சர். ஏறிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அது அவருக்கே அவமானமாக இருந்தது.

அந்த வருஷம் கைவிளக்கில் வருகைப் பதிவு சேர்ந்தது. இனி வருகைப் பதிவேடு கிடையாது. ஆசிரியர் பொய் சொல்லலாம், மாணவன் பொய் சொல்லலாம், கைப்பேசி பொய் சொல்லாது என்பது இயக்ககத்தின் கொள்கை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரோடும் ஒரு கைப்பேசி எண்ணைச் சேர்க்க வேண்டும். பிரார்த்தனை மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கைப்பேசி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளையும் இருக்கிறது.

குப்பத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல போன்தான். அது அப்பாவிடம் இருக்கும். அப்பா விடிவதற்கு முன்பே பாலித்தீன் பையில் அதைச் சுற்றி மடியில் செருகிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். வழி காட்டுவது அதுதான். புயல் வந்தால் சொல்வதும் அதுதான். டீச்சர் இதையெல்லாம் விளக்கமாக எழுதினார். பதிவு செய்யும் கட்டத்தில் எண்ணுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

முதல் நாள் மணி அடித்தது. கூடம் நிறையப் பிள்ளைகள். டீச்சர் செயலியைத் திறந்தார். வருகை: சுழியம். கீழே ஒரு வரைபடம். அதில் வங்காள விரிகுடா நீலமாக விரிந்திருக்க, அவருடைய பள்ளிக்கூடம் மொத்தமும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

உதவி எண்ணைக் கூப்பிட்டார். இனிமையான குரலில் ஒரு பெண் பேசினாள்.

“கவலைப்படாதீங்க மேடம். உங்க மாணவர்கள் எல்லாரும் நல்லபடியா கடல்ல இருக்காங்க.”

“அவங்க என் எதிர்ல உட்கார்ந்திருக்காங்கம்மா.”

“அப்படீன்னா நீங்களும் கடல்ல இருக்கீங்களா மேடம்?”

விஷயம் முற்றிப்போய் சுப்புராயனே நேரில் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அவர் கைப்பேசியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார்.

“இவங்கல்லாம் யாரு?”

“என் மாணவர்கள் சார்.”

“மாணவர்கள் கடல்ல இருக்காங்க மேடம். தெளிவா தெரியுது பாருங்க. இவங்க யாருன்னு கேக்கறேன்.”

“சார், கண்ணால பார்க்கறீங்களே.”

சுப்புராயன் பெருமூச்சு விட்டார். புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார். “நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். கண்ணால பார்த்ததை வெச்சு நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை. அதனாலதான் இந்த இடத்துக்கு வந்திருக்கேன்.”

கடைசியில் இரக்கப்பட்டு, கூடத்தில் இருந்தவர்களைப் ‘பார்வையாளர்கள்’ என்று பதிந்துகொள்ள அனுமதி கொடுத்தார். பார்வையாளர்களுக்குச் சத்துணவு கிடையாது. அரிசி நின்றது, முட்டை நின்றது. சத்துணவு ஆயா பூவம்மா வெறும் அடுப்பின் முன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“கடல்ல கீற புள்ளைங்களுக்குப் பொங்கிப் போடணுமாமே டீச்சர்? அந்தாளு இன்னா லூசா?” என்று கத்திவிட்டு, வீட்டிலிருந்த அரிசியை அள்ளிக்கொண்டு வந்தாள். தினமும் நாலு வீட்டில் கைநீட்டி அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சினார்கள்.

இயக்ககம் சும்மா இருக்கவில்லை. மாணவர்கள் கடலில் கற்கிறார்கள் என்றால் அவர்களுடைய பாதுகாப்பு முக்கியம் அல்லவா? ஒரு லாரியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் வந்து இறங்கின. எல்லாம் குழந்தைகள் அளவு. போட்டுக்கொண்டு படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. உச்சி வெயிலில் தண்ணீர்ப் பானைகூட வற்றிப்போன கூடத்தில், பிள்ளைகள் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள்.

இதுவரைக்கும் டீச்சர் அழவில்லை. அடுத்த உத்தரவில்தான் அழுதார். தொடர்ந்து சுழிய வருகை காட்டும் பள்ளி, பருவத் தேர்வுக்கு முன் மூடப்பட்டு, நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பள்ளியோடு இணைக்கப்படும் என்று அது சொன்னது. மேற்கே போக வேண்டுமென்றால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்குக் குறுக்கே நடக்க வேண்டும். அந்தச் சாலையில் பெரியவர்களே கையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

“பையனுங்கள வேணா இட்டுகினு போவாங்க” என்றாள் பூவம்மா. “பொட்டப் புள்ளைங்கள வூட்லயே நிறுத்திருவாங்க டீச்சர். மீன் கூடைய தலைல வெச்சி உட்ருவாங்க. நானும் அப்டித்தான் நின்னேன்.”

ஜோதிகா, எழில்மொழி, அம்மு என்று ஒவ்வொரு முகமாக டீச்சரின் கண்ணில் வந்து போனது. அன்று சாயங்காலம் படகுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதையும் சொன்னார். தவசிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார்.

“போனு இங்க இருந்தா புள்ள இங்க கீதுன்னு எய்திக்குவானா அந்தாளு?”

“ஆமாண்ணா.”

“அவ்ளோதானே? புள்ளையாண்ட போனக் குடுத்து இஸ்கூலுக்கு அனுப்பிட்டு நாங்க போறோம். இதுக்கா இம்மாம் பேஜாரு? எங்க நைனா காலத்துல போனா வெச்சிகினு கடலுக்குப் போனாங்க?”

“புயல் கியல் வந்தா?”

“வானத்தப் பாத்தா தெரியாதா எங்களுக்கு? நீ கவலப்படாத டீச்சர்.”

வேண்டாம் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். டீச்சருக்கு அது தெரியும். ஆனால் மூடப்போகிற பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் நின்றது, வராத புயல் நிற்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து வருகை நூறு சதவீதம். அரிசி வந்தது, முட்டை வந்தது. பார்வையாளர்கள் மறுபடியும் மாணவர்களாகப் பதவி உயர்வு பெற்றார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பதிலாக அம்மா போனை மட்டும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளையும் வந்ததாக ஆனது. உங்கள் மாணவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமல், முன்மாதிரியான ஒழுக்கத்துடன் கற்கிறார்கள் என்று இயக்ககம் பாராட்டுச் செய்தி அனுப்பியது. மாவட்டத்தில் முதலிடம். ஐப்பசி மாதத்தில் பாராட்டு விழா என்று நாள் குறித்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் இயக்ககத்து உதவியாளர் வேலப்பன் வந்து ஏற்பாடுகளைப் பார்த்தான். பெஞ்சுகளில் சிவப்புத் துணி விரித்து, வரிசையாகக் கைப்பேசிகளை வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. விருந்தினர்களுக்கு நாற்காலி போட்டால் இடம் போதாது என்பதால் பிள்ளைகள் வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும், மிதவைச் சட்டையோடு.

விழா அன்று காலையில் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. படகுகள் வழக்கம்போல் விடிவதற்கு முன்பே போயிருந்தன. சுப்புராயன் மைக்கைப் பிடித்தார்.

“மாணவச் செல்வங்களே!” என்று பெஞ்சுகளிலிருந்த கைப்பேசிகளைப் பார்த்துத் தொடங்கினார். “உங்களைப் பார்க்கும்போது என் நெஞ்சு நிறைகிறது. என்ன அமைதி! என்ன கட்டுப்பாடு! நான் பணியில் சேர்ந்த காலத்தில் வகுப்பறை என்றாலே இரைச்சல். ஒருவன் தண்ணீர் கேட்பான். ஒருத்தி கேள்வி கேட்பாள். கேள்வி கேட்கிற மாணவர்களால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த இன்னல்கள் அனைத்தையும் கைவிளக்கு நீக்கிவிட்டது. இனி நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே சிக்கல் ஆசிரியர்கள். அதையும் விரைவில்…”

அப்போதுதான் அது நடந்தது. எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் கூவின. அழைப்பு மணி இல்லை. ஆம்புலன்ஸ் மாதிரி, நெஞ்சைப் பிடிக்கிற ஒரு ஊளை. சிவப்புத் துணி மேல் அவை அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தன. வராந்தாவிலிருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக உள்ளே ஓடிவந்து அவரவர் வீட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்ததை வாய்விட்டுப் படித்தார்கள்.

“கடல் கடும் கொந்தளிப்பாகக் காணப்படும். பலத்த சூறைக்காற்று வீசக்கூடும். கடலுக்குச் சென்ற மீனவர்கள் உடனடியாகக் கரை திரும்பவும்.”

ஒரு பிள்ளையும் திக்கவில்லை. கொந்தளிப்பு என்கிற சொல்லில்கூட யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜோதிகா கையில் போனோடு அவரிடம் வந்தாள். “டீச்சர், இத்த எங்க நைனாவாண்ட யாரு சொல்லுவா?”

“சத்தத்தைக் குறைங்க!” என்று மேடையிலிருந்து சுப்புராயன் கத்தினார். “யாரும் கைப்பேசியை வெளியில எடுத்துட்டுப் போகக்கூடாது. வருகைப் பதிவு நடந்துகிட்டிருக்கு!”

டீச்சர் ஒரு போனைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். மணலில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. யாரை அழைப்பது? அழைக்க வேண்டியவர்களின் போன்களெல்லாம் அவருக்குப் பின்னால் பெஞ்சுகளில் அலறிக்கொண்டிருந்தன. கிழக்கே அடிவானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

பூவம்மாவின் புருஷன் மண்ணாங்கட்டி அன்றைக்கு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் கரையில் இருந்தார். அதைத் திட்டிக்கொண்டே மாட்டி, கூட ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளினார். இன்னொரு படகும் போனது. பெண்கள் கடலைப் பார்த்தபடி மழையில் நின்றார்கள். டீச்சரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘நான்தான், நான்தான் தலையாட்டினேன்’ என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தினர்களின் கார்கள் தண்ணீர் தேங்குவதற்குள் கிளம்பிப் போயின.

இருட்டுகிற நேரத்தில் ஒவ்வொரு படகாக வந்தது. வலைகளை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள். தவசிமுத்துவின் படகு கடைசி. கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருந்த பாறைகளில் அலை அதைத் தூக்கி அடித்தது. படகு ரெண்டாகப் போனது. அவரை இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கு வந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு போன். கட்டுப் போட்ட கையோடு தவசிமுத்துவும் வந்திருந்தார்.

“போன ஏன்ணா குடுத்து விட்டீங்க?”

“நேத்து ஒரு நாளு அப்டி ஆயிடிச்சி. அதுக்காவ?” என்றார் அவர். “எம்பொண்ணு படிக்கணும் டீச்சர். அவ அந்த மெசேஜ எப்டிப் படிச்சான்னு அல்லாரும் சொன்னாங்க. போனு இங்கயே கெடக்கட்டும்.”

“எடுத்துட்டுப் போங்க.”

“இஸ்கூல இஸ்த்து மூடிருவானே?”

“எடுத்துட்டுப் போங்கண்ணா! உங்க கால்ல விழறேன்!” என்று டீச்சர் கத்தினார். அந்தக் கூடத்தில் அவர் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்தும் போனை வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய் அப்பாக்களின் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டு வந்தார். கடல் அடங்கி அவர்கள் மறுபடி போன அன்று, பள்ளிக்கூடமும் மறுபடி கடலுக்குப் போனது. வருகை: சுழியம்.

டீச்சர் இயக்ககத்துக்குப் போய்க் கெஞ்சினார். விருதைக்கூடத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சுப்புராயன் அன்போடுதான் பேசினார்.

“உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப மரியாதை மேடம். ஆனா நீங்க செஞ்சதை யோசிச்சுப் பாருங்க. நூறு சதவீதம் வருகை இருந்த பள்ளி. உங்க கையாலேயே எல்லா மாணவர்களையும் கடலுக்கு அனுப்பிட்டீங்களே!”

இரண்டு வாரம் கழித்து வேலப்பன் ஒரு பூட்டோடு வந்தான். காலை நேரம். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மேடம், என்னைத் தப்பா நினைக்காதீங்க. மேல சொன்னதைச் செய்யறவன் நான்” என்றான் அவன்.

“செய்யுங்க. நான் என் வேலையைச் செய்யறேன்.”

பள்ளியை மூடுவதற்கும் கைவிளக்கில் வழி இருந்தது. வேலப்பன் பூட்டைப் படம் எடுத்து ஏற்றினான். சாவியைப் படம் எடுத்து ஏற்றினான். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. ‘கட்டடத்தினுள் எவரேனும் உள்ளனரா?’

உள்ளே டீச்சர் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்திருந்தார். பதிவேட்டைத்தான் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, மனசிலிருந்துதான் கூப்பிட்டார்.

“அம்மு.”

“உள்ளேன் டீச்சர்.”

“எழில்மொழி.”

“உள்ளேன் டீச்சர்.”

வேலப்பன் ‘ஆம்’ என்பதை அமுக்கினான். உள்ளவர்களின் கைப்பேசி எண்களைப் பதிவிடுக என்று கட்டம் திறந்தது. அவன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். பிள்ளைகளின் கைகளில் ஒன்றும் இல்லை. எண் இல்லாமல் செயலி நகர மாட்டேன் என்றது. வெளியேறி மறுபடி முதலிலிருந்து வந்தான். மறுபடி அதே கட்டம்.

“தீனா.”

“உள்ளேன் டீச்சர்.”

“ஜோதிகா.”

“உள்ளேன் டீச்சர்.”

அவனுடைய போன் அடித்தது. சுப்புராயன். “இன்னும் ஏன்யா முடியல? ஒரு பள்ளியைப் பூட்ட இவ்வளவு நேரமா?” வேலப்பன், “இதோ சார், முடிச்சிட்டேன் சார்” என்றான். ‘இல்லை’ என்பதை அமுக்கினான். திரையில் பச்சை நிறத்தில் பூ விரிந்தது. ‘நன்றி. இப்பணியால் மாணவர் எவரும் பாதிக்கப்படவில்லை.’

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர்கள் தீரட்டும் என்று அவன் வாசலில் நின்றான். அவ்வளவாவது செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றியது. டீச்சர் கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, முதல் பெயரிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்.